அமால்ஃபி கரையோரம் போட்ல போறது: கினிகத்தேன வளைவுலயே வாந்தி எடுக்குற அம்மாவ கூட்டிட்டு போகலாமா?

கொட்டகலை_சின்னவன்

எல்லாருக்கும் வணக்கம். இத்தாலியில இருக்குற நம்ம மலையக ஆக்கள், இல்லாட்டி அங்கிட்டு போய் வந்தவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. அக்காவும் மச்சானும் நாப்போலியில (நேப்பிள்ஸ்) இருக்காங்க, செப்டம்பர் கடைசியில அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருக்காங்க. விசா வேலை ஓடிக்கிட்டு இருக்கு, அது வேற கதை. இப்ப பிரச்சினை என்னான்னா மச்சான் இப்பவே ஒரு நாள் பிளான் போட்டுட்டார், அமால்ஃபி கோஸ்ட் பூரா போட்ல சுத்தி காட்டுறதாம், கப்ரி தீவுக்கும் போய் அங்க ஏதோ நீலக் குகையாம் அதையும் பாத்துட்டு ராத்திரிக்கு வீடு. போனுல போட்டோ போட்டோவா அனுப்புறார்.

அம்மா தோட்டத்துல கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவங்க, மலை ஏறி எறங்குறதுல அந்த வயசுலயும் என்னய விட கெட்டி, ஆனா முழங்கால் இப்ப கொஞ்சம் வலி. வண்டியில ஏறுனா முடிஞ்சிச்சு. ஹட்டன்ல பஸ் ஏறி கினிகத்தேன எறங்குறதுக்குள்ள ரெண்டு தடவ ஷொப்பிங் பேக் கேப்பாங்க. தண்ணியில போனதுன்னா நுவரெலியா கிரகரி வாவியில மிதிக்கிற போட்ல ஏத்துனோம், அது நடு வாவிக்கு போகு முன்னமே திருப்பு திருப்புன்னு சொல்லிட்டாங்க. நீச்சல் எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது.

கேக்க வேண்டியது இதுதான். ஒண்ணு, கடல்ல இவங்களுக்கு தாங்குமா, இல்லாட்டி பேசாம பஸ்லயே போயிரலாமா. அடுத்தது, டூர் போட்டுன்னு தனியா எடுக்குறது நல்லமா, சும்மா ஆள் ஏத்துற போட்டே போதுமா. மச்சான் சொல்ற கணக்கு ஒரு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல வருது, ஒரு யூரோ முன்னூறு ரூபாய்க்கு மேல விக்கிற காலத்துல அத மனசுல பெருக்கிப் பாத்தாலே எனக்கு தலை சுத்துது. காசு மச்சான்தான் குடுக்குறார், அதுக்காக கடலுக்குள்ள கொட்ட முடியுமா.

நாப்போலி_பொகவந்தலாவ

தம்பி, நான் இங்கன வந்து வேலை செய்யுறவன், ஊர் பொகவந்தலாவ. ஊர்ல இருந்து யாரு வந்தாலும் கூட்டிட்டு போற எடம் அமால்ஃபிதான், அதனால விரிவாவே சொல்றேன், நீளமா போனா கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல பஸ்ஸ மறந்துருங்க. எஸ்எஸ் 163ன்னு ஒரு ரோடு இருக்கு, மலைய செதுக்கி ஒட்ட வச்சது, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் கடல், எதிர்ல பெரிய பஸ் வந்தா ஒருத்தர் பின்னுக்கு எடுத்தாதான் மத்தவர் போகலாம். நம்ம ரம்பொட ரோட்ட விட மோசமுன்னு சொல்ல மாட்டேன், ஆனா நெரிசல் இருக்கே அது சொல்லி முடியாது. நெரிசலுக்கு பயந்து 2022ல இருந்து சீசன் நாள்ல கார் நம்பர் ஒத்தையா ரெட்டையான்னு பாத்து விடுற சட்டம் கூட போட்டுட்டாங்க. அதுல உங்க அம்மா ஏறுனா கினிகத்தேனைக்கே கோயில் கட்டிருவாங்க. வண்டியில தலை சுத்துற ஆளுக்குதான் நான் போட்ட கட்டாயமா சொல்றது, ஏன்னா அமைதியான கடல்ல பெரிய போட் நேரா போகும், வளைவு பிரேக் ஒண்ணும் கெடையாது, காத்து மூஞ்சியில அடிக்கும். கடல் கெட்டுச்சுன்னா கத வேற, அத பெறகு சொல்றேன்.

இப்ப முக்கியமான விசயம், எங்க இருந்து ஏறுறதுன்னு. மச்சான் நாப்போலியில இருந்தோ சொரெந்தோவுல இருந்தோ டூர் போட் புடிக்க பாக்குறார்னு நினைக்கிறேன், எல்லாரும் அப்பிடித்தான் செய்யுறது. அந்தப் பக்கமா வந்தா பூந்தா காம்பனெல்லான்னு ஒரு மூக்கு இருக்கு, அந்த தீபகற்பம் முடியுற எடம், அதுக்கும் கப்ரிக்கும் எடையில உள்ள வாயில கடல் எப்பவும் கொஞ்சம் குதிக்கும். சின்ன போட்ல அதத் தாண்டுறது அம்மாவுக்கு சரிவராது. அதுக்கு பதிலா மறுபக்கம் போங்க. நாப்போலியில இருந்து சலேர்னோவுக்கு ட்ரெய்ன், வேகமான ட்ரெய்ன்னா முக்கால் மணித்தியாலத்துக்குள்ள போயிரும். ஸ்டேஷன்ல எறங்கி கடலப் பாத்து நேரா நடந்தா பியாஸ்ஸா கொன்கோர்தியா, அங்கயே ஜெட்டி. அங்க இருந்து ஆள் ஏத்துற பெரிய போட் அமால்ஃபிக்கு 35 நிமிசம் அளவு, அமால்ஃபியில இருந்து பொசித்தானோவுக்கு இன்னொரு 25 நிமிசம். டிக்கெட் போற தூரத்த பொறுத்து பத்து, பதினஞ்சு யூரோ அளவுல நிக்கும். நூறு யூரோ எங்க இது எங்க.

போட்ல ஏறுனதும் வலப்பக்கம் உக்காருங்க, மேற்கு பாத்து போறதால கரை வலப்பக்கம்தான் வரும், வரும்போது இடப்பக்கம். மேல் தட்டுக்கு எல்லாரும் ஓடுவாங்க போட்டோ எடுக்க. அம்மாவ மேல ஏத்தாதீங்க, கீழ பின்பக்கம் நடுவா உக்கார வச்சா ஆட்டம் கம்மி.

வெளிக்கிட்டதும் மொதல்ல வியேத்ரி தெரியும், ஓட்டுச் சட்டி பீங்கான் வேலைக்கு பேர் போன ஊர். அடுத்தது சேத்தாரா, மீன்புடிக்காரங்க ஊர், நெத்தலிய உப்புல ஊறப் போட்டு மரப் பீப்பாயில இருந்து வடிக்கிற ஒரு சாறு அங்கதான் செய்யுறது, மாசி சம்பல்ல வளந்த நாக்குக்கு ஒடனே புடிச்சிரும், ஒரு சின்ன போத்தல் வாங்கிக்கோங்க, பேக்குல ஒடைஞ்சா மட்டும் அந்த பேக்க திரும்ப பாவிக்க ஏலாது. பெறகு ஒரு மூக்குல வெள்ளையா வெளிச்ச வீடு, அது தாண்டுனா மயோரி, இந்தக் கரையிலயே நீளமான மணல் அங்கதான். அடுத்தது மினோரி. மினோரி தாண்டி மேல அண்ணாந்து பாத்தா மலை உச்சியில ரவெல்லோ, கடல்ல இருந்து 350 மீட்டருக்கு மேல. அமால்ஃபிக்கு கொஞ்சம் முன்னால அத்ரானின்னு ஒரு துண்டு ஊர், இத்தாலியிலயே பரப்பளவுல ஆகச் சின்ன நகரசபை அதுதான், நம்ம தேயிலைத் தோட்டத்துல ஒரு டிவிசன் அளவு கூட வராது. இதுக்கெல்லாம் நடுவுல ஒவ்வொரு மூக்குலயும் ஒரு கல்லு கோபுரம் நிக்கும், 16ஆம் நூற்றாண்டுல கடல் கொள்ளைக்காரங்க வாறாங்களான்னு பாக்க கட்டுனது நிறைய. ஒரு கோபுரத்துல ஆபத்துன்னு காட்டுனா அடுத்தவன் பாத்து அவனுக்கு அடுத்தவனுக்கு காட்டுவானாம். இது ரோட்ல போறவனுக்கு தெரியாது, கடல்ல இருந்து பாத்தாதான் எல்லாம் வரிசையா ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கிறது வெளங்கும்.

அமால்ஃபியில கட்டாயம் எறங்குங்க. ஜெட்டியில இருந்து கோயில் சதுக்கம் வரைக்கும் சமதரை, அம்மா முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது. தேவாலய வாசல்ல மட்டும் 62 படி. புனித அந்திரேயாவோட எலும்பு கொன்ஸ்தாந்திநோப்பிள்ல இருந்து 13ஆம் நூற்றாண்டுல கொண்டுவந்து அதுக்குள்ள வச்சிருக்காங்க. இந்தச் சின்ன ஊரு ஒரு காலத்துல வெனிஸ் ஜெனோவாவோட போட்டி போட்ட கடல் ராச்சியம்னா நம்புவீங்களா. 1343ல ஒரு பெரிய கடல் கொந்தளிப்புல துறைமுகத்தோட ஊர்ல ஒரு பகுதியே தண்ணிக்குள்ள போயிருச்சு. இப்ப நீங்க எறங்குற எடத்துக்கு கீழ பழைய ஊர் கெடக்கு.

கப்ரி வேணாம் தம்பி. ஒரே நாள்ல ரெண்டும் செஞ்சா எங்கயும் ஒழுங்கா நிக்க மாட்டீங்க. நீலக் குகை வாசல் ஒரு மீட்டர் ஒசரம் அளவுதான், சின்ன துடுப்புப் படகுல மல்லாந்து படுத்துதான் உள்ள போகணும், கொஞ்சம் அலை அடிச்சாலும் மூடிருவாங்க. அம்மாவ அதுல படுக்க வைக்கிற வேலைய யாரு பாக்குறது?

மஸ்கெலியா_மழை

பொகவந்தலாவ அண்ணே சொன்னது பெரும்பாலும் சரி, ஆனா சின்ன போட்ட அப்பிடியே ஒதுக்கிப் போட்டீங்களே அது எனக்கு ஒத்து வரல. பெரிய போட் கரைய விட்டு தள்ளித்தான் போகும். ஃபுரோரேன்னு ஒரு எடம் இருக்கு அமால்ஃபிக்கும் பொசித்தானோவுக்கும் எடையில, மலை ரெண்டா பொளந்து நடுவுல கடல் நாக்கு நீட்டுற எடம், மேல 30 மீட்டர்ல பாலம், அந்தப் பாலத்துல இருந்து குதிக்கிற போட்டியே நடத்தியிருக்காங்க. பெரிய போட்ல போனா அத கண்ணு சிமிட்டுற நேரத்துல தாண்டிரும். கோங்கா தெய் மரீனிங்கிற ஊர் கிட்ட மரகதக் குகை, 1932ல ஒரு மீன்புடிக்காரர் கண்டுபுடிச்சது, தண்ணிக்கு அடியில உள்ள ஓட்டை வழியா வெயில் உள்ள வந்து தண்ணி பச்சையா எரியும், அடியில பீங்கான்ல செஞ்ச இயேசு பாலன் குடில் கூட வச்சிருக்காங்க. அத பெரிய போட்ல இருந்து எப்பிடி பாக்குறது? அது திறந்திருக்கா இல்லையான்னு அன்னைக்கு காலையில கேட்டுட்டு போறது நல்லம், அடிக்கடி ஏதாச்சும் ஒரு காரணத்துக்கு மூடி கெடக்கும்.

எங்க குடும்பம் ஆறேழு பேர் சேந்து அமால்ஃபியில இருந்து ஒரு கொஸ்ஸோ எடுத்தோம், அது அந்தப் பக்கத்து பழைய மரப் படகு, அகலமா இருக்கும், அவ்வளவு லேசுல பொரளாது. ஒரு ஓட்டி, ரெண்டு மணித்தியாலம், ஆள் ஆளுக்கு பங்கு போட்டா பெரிய காசு இல்ல. அவர் பாறைக்கு கிட்ட கொண்டுபோய் எஞ்சின நிப்பாட்டுவார் பாருங்க, அந்த சொகம் டிக்கெட் போட்ல வராது. எங்க மாமியாருக்கும் தலை சுத்துற வருத்தம்தான், ஒண்ணும் ஆகல. ஆனா ஒண்ணு, படகு நிக்கிற நேரந்தான் ஆட்டம் கூட, அப்ப கொஞ்சம் மூஞ்ச சுளிச்சாங்க.

டூர் எடுக்குறதுன்னா என்னென்ன எடத்துல நிப்பாட்டுவாங்க, எத்தன பேர் ஏத்துவாங்க, கடல் கெட்டா காசு திரும்ப வருமான்னு எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க. அதுக்கு முன்ன ஒரு தடவ ஒரு கம்பனியில போனோம், பேர் வேணாம், ஒரு நாள் பூராவும்னு சொல்லி காசு வாங்கிட்டு பொசித்தானோவுல எறக்கி விட்டுட்டு சாயங்காலம் வாங்கன்னு போயிட்டான். பொசித்தானோ பூரா படி. மாமியார வச்சிக்கிட்டு கடற்கரையில ஒரு கோப்பிக் கடையில உக்காந்து கடலப் பாத்ததுதான் மிச்சம், அந்தக் கோப்பி வெலைக்கு ஹட்டன்ல நாலு பேர் பிரியாணி தின்னலாம்.

நாப்போலி_பொகவந்தலாவ

மஸ்கெலியா தம்பி, ஆறேழு பேர் இருந்தா நீங்க சொல்றது சரி, நானும் அதத்தான் செய்வேன். இவங்க நாலு பேர், அதுல நீச்சல் தெரியாதவங்க ரெண்டு. கொஸ்ஸோ எடுக்கத்தான் வேணும்னா அமால்ஃபிக்கு பெரிய போட்ல வந்து, கடல பாத்து, அம்மா மூஞ்ச பாத்து, அதுக்கு பெறகு அங்கயே ஒரு மணித்தியாலத்துக்கு பேசிக்கலாம். முன்கூட்டியே காசு கட்டாதீங்கன்னுதான் நான் சொல்றது. மச்சான் காதுல இன்னொண்ணும் போட்டு வைங்க, இங்க 40 குதிரை வலுவுக்கு உள்ள எஞ்சின்னா லைசன்ஸ் இல்லாமலே வாடகைக்கு குடுப்பாங்க, நானே ஓட்டுறேன்னு கெளம்பிற போறார். பூந்தா காம்பனெல்லா பக்கம் காப்பகப் பகுதி, எங்க போகலாம் எங்க போகக்கூடாதுன்னு ஆயிரம் சட்டம். கடல்ல ஏதும் நடந்தா கரையோரக் காவல் நம்பர் 1530, அத போன்ல போட்டு வச்சுக்கோங்க.

ஊவா_தங்கச்சி

மருந்து பத்தி யாரும் சொல்லலயே. நான் பார்மசியில வேலை செய்யுறேன் பண்டாரவளையில, பதுளை பஸ் ஏறுற ஆக்களுக்கு நாங்க தினமும் குடுக்குறதுதான் இந்த அவோமின், வாந்தி வராம இருக்குற மாத்திரை. ஏறின பெறகு வாந்தி வந்ததும் போடுறதுல பிரயோசனம் இல்ல அண்ணா, குறைஞ்சது ஒரு மணித்தியாலத்துக்கு முன்ன போடணும். ஆனா தூக்கம் வரும், வாய் காயும். அம்மாவுக்கு கண் பிரசர் இருக்கா, சீனி வருத்தத்துக்கோ பிரசருக்கோ மாத்திரை எடுக்குறாங்களா, அதெல்லாம் சொல்லி டொக்டர்ட்ட கேட்டுத்தான் குடுக்கணும், நான் சொன்னேன்னு குடுக்காதீங்க. இங்கயே ஒரு தடவ கொழும்பு போற பஸ்ல போட்டு பாருங்க, எவ்வளவு தூக்கம் வருதுன்னு தெரிஞ்சிரும். போட்ல இருந்து எறங்குற பலகையில தூக்கக் கலக்கத்துல கால் வழுக்குனா அது வாந்திய விட மோசம்.

வெறும் வயித்துல ஏத்தாதீங்க, எண்ணெய் சாப்பாடும் வேணாம். காலையில இஞ்சி போட்ட ப்ளேன்டீ, ரெண்டு கிரேக்கர் போதும். போட்ல ஃபோன நோண்ட விடாதீங்க, தூரத்து கரைய பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுங்க, கண்ணும் காதும் ஒரே கதைய சொன்னாதான் மண்டை கொழம்பாது. பஸ்ஸுக்குள்ள முன் சீட்டு முதுகத் தவிர வேற ஒண்ணும் தெரியாததாலதான் நமக்கு பாதி வருத்தம்.

நுவரெலியா_டீச்சர்

இந்த திரியில எல்லாரும் குகை, கோயில், கப்ரின்னு சொல்றீங்க. சின்னவன் தம்பி, உங்க அம்மா கொழுந்து எடுத்தவங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதனாலதான் எழுதுறேன்.

நான் எங்க அத்தைய கூட்டிட்டு போனேன், தம்பி அங்க இருக்கான். அத்தையும் தோட்டத்துல பேர் போட்டு, அதாவது நாள் சம்பளத்துக்கு வேலை செஞ்சு வளந்தவங்க, இப்பவும் ஒரு சரிவப் பாத்தா இதுல எத்தன ஆள் கொழுந்து எடுக்க நிரை புடிக்கலாம்னுதான் கண்ணு போகும். கடல் பயம் சரியான பயம். போட் வெளிக்கிட்டு மினோரி கிட்ட வரும் வரைக்கும் என் கைய விடவே இல்ல, அப்ப திடீர்னு கைய எடுத்து மலைய காட்டி இங்கயும் நம்ம ஆக்கள் இருக்காங்களான்னு கேட்டாங்க. என்னடான்னு பாத்தா அந்த மலை பூரா கல்லுக்கட்டு, கடல் மட்டத்துல இருந்து மேல மேகம் வரைக்கும் படிப் படியா. தேயிலைக்கு பதிலா எலுமிச்சை, அவ்வளவுதான் வித்தியாசம், சுவர் வச்ச விதம், தண்ணிக் கான் வெட்டுன விதம், நடுவுல ஆள் ஏறுற ஒத்தையடிப் பாதை எல்லாம் நம்ம மலைதான்.

பெறகு எறங்கி விசாரிச்சு, வாசிச்சு தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம். அந்த எலுமிச்சைக்கு ஸ்ஃபுசாத்தோன்னு பேர், நீளமா கூரா இருக்கும், தோல் தடிப்பு, புளிப்பு கொறைவு, அங்க உள்ளவங்க சீனி போட்டு அப்பிடியே தோலோட சீவி தின்னுறாங்க. கஷ்கொட்டை மரக் கம்புல பந்தல் கட்டி அதுல படர விட்டிருப்பாங்க, குளிர் காலத்துல மேல வலை போட்டு மூடுவாங்க. சுவர் எல்லாம் சீமெந்து இல்லாம கல்லு மேல கல்லு அடுக்குனது, மண்ணு அடியில இருந்து கொண்டுபோய் கொட்டுனது. மெஷின் ஒண்ணும் ஏற வழியில்ல. இப்பவும் பெட்டிய தோள்ல வச்சுத்தான் எறக்குறாங்க. அந்தக் காலத்துல எலுமிச்சக் கூடைய கரைக்கு, கப்பலுக்கு எறக்குனது பொம்பளைங்க. ஃபொர்மிகெல்லேன்னு சொல்வாங்க அவங்கள. 50 கிலோவுக்கு மேல ஒரு சுமை, தோள்ல வச்சு, நூத்துக்கணக்கா படி, ஒரு நாளைக்கு பல தடவ. நம்மாளுங்க ஒரு நாள் பேருக்கு 18 கிலோ எடுக்கணும்னு கொழுந்துக் கூடையோட நிக்கிறது எனக்கு நல்லா தெரியும், அதனால அந்த கணக்க கேட்டதும் அத்தை சொன்னது ஒரே கேள்வி, அவங்களுக்கு சம்பளம் எவ்வளவு குடுத்தாங்க? அதுக்கு அங்க யாருட்டயும் பதில் இல்ல. அமால்ஃபி கடையெல்லாம் எலுமிச்ச சவுக்காரம், எலுமிச்ச போத்தல், எலுமிச்ச போட்ட துணின்னு தொங்குது, அந்தப் பொம்பளைங்க போட்டோ ஒண்ணு ரெண்டு கடையிலதான் பாத்தேன். எனக்கு கொஞ்சம் கோவம் வந்துச்சு, சுத்திப் பாக்கப் போன எடத்துல கோவப்பட்டு என்ன பண்ண.

இன்னொண்ணு. மலைச்சரிவுல பல எடத்துல பெரிய கம்பி வலை போட்டு பாறைய கட்டி வச்சிருப்பாங்க, கடல்ல இருந்து நல்லா தெரியும். 1954 ஒக்டோபர்ல ஒரே ராத்திரி மழையில சலேர்னோ, வியேத்ரி, மயோரி பக்கம் மலை சரிஞ்சு முன்னூறுக்கு மேல ஆக்கள் செத்துப் போயிருக்காங்க. வியேத்ரி கடற்கரையில குடை விரிச்சு படுத்திருக்காங்களே, அந்தக் கரையில பாதி அன்னைக்கு தண்ணி கொண்டுவந்து கொட்டுன மண்ணு. கல்லுக்கட்ட பராமரிக்காம விட்டா தண்ணி போக வழியில்லாம மலை எறங்கும்னு அங்க உள்ளவங்க சொல்றாங்க. இளம் பிள்ளைங்க வேலை தேடி டவுனுக்கு போறாங்க, தோட்டம் காடாகுது, சுவர் விழுது. 2014ல மீரியபெத்த மண்சரிவப் பாத்த நமக்கு இதுக்கு விளக்கம் தேவையில்ல.

அதனால நான் சொல்றது, பொசித்தானோ போகாட்டியும் பரவால்ல. கலர் கலரா வீடு, ஓடு பதிச்ச கோயில் கோபுரம், அழகுதான், அத கடல்ல இருந்தே பாத்துட்டு திரும்பலாம். மினோரியில எறக்குங்க. கூட்டம் கொறைவு, கடற்கரையில பெஞ்சு இருக்கு, ரோம் காலத்து மாளிகை ஒண்ணு தோண்டி எடுத்து வச்சிருக்காங்க, எலுமிச்ச கேக் நல்லா இருக்கும். மயோரிக்கும் மினோரிக்கும் நடுவுல எலுமிச்சத் தோட்டத்துக்கு உள்ளால ஒரு பாதை போகுது, ஆனா நானூறு படி அளவு வரும், முழங்கால் வலின்னா நீங்க மட்டும் போய் வீடியோ எடுத்து காட்டுங்க.

கொட்டகலை_சின்னவன்

டீச்சர், நீங்க எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனேன். போட்ட பத்தி ஒரு வார்த்தை கேக்கல. மரத்துக்கு என்ன உரம் போடுறாங்கன்னு கேக்குறாங்க 😀

மஸ்கெலியா அண்ணே, பொகவந்தலாவ அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. மச்சானோட கதைச்சேன், சலேர்னோ பக்கத்தால வாறதுக்கு ஓம்னுட்டார், கொஸ்ஸோவ அங்க போய் பாப்போம். இன்னும் ரெண்டு மூணு சின்ன சந்தேகம். செப்டம்பர் கடைசின்னா கடல் எப்பிடி இருக்கும்? போட் ஓடலன்னா என்ன செய்யுறது? அம்மா வெளியில எறைச்சி சாப்பிட மாட்டாங்க, சோறு கட்டிட்டு போகலாமா?

நாப்போலி_பொகவந்தலாவ

போட் சீசன் ஏப்ரல்ல தொடங்கி ஒக்டோபர் கடைசி அளவுல முடியும், அதனால செப்டம்பர்ல ஓடும். தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கும், ஓகஸ்ட் கூட்டமும் கொறைஞ்சிருக்கும், எனக்கு கேட்டா அதுதான் நல்ல காலம். ஆனா கடைசி பக்கம் இடி மழை தொடங்கும், தெக்கு காத்து அடிச்சா போட்ட நிப்பாட்டிருவாங்க, காலையில ஓடுனது பின்னேரம் ஓடாம போறதும் உண்டு. அதனால முந்தின நாள் ராத்திரி காத்து எப்பிடின்னு பாருங்க, நல்ல நாளா பாத்து போங்க, நாள முன்னமே முடிவு பண்ணி வைக்காதீங்க. விடிய மொத போட்லயே ஏறுங்க, காலையில கடல் தூங்கும், மத்தியானத்துக்கு பெறகுதான் காத்து எழும்பும். திரும்ப கடைசி போட்ட நம்பி இருக்காம அதுக்கு முந்தினதுல வந்துருங்க. போட் நின்னுச்சுன்னா அமால்ஃபி, மினோரி எல்லாத்துல இருந்தும் சலேர்னோவுக்கு பஸ் இருக்கு, அதுல வளைவு இருக்கு, அப்ப பண்டாரவளை தங்கச்சி சொன்ன மாத்திரைதான் தொணை.

சோறு தாராளமா கட்டுங்க. புளிச்சோறோ எலுமிச்ச சோறோ, அக்காவுக்கு சொன்னா செய்வாங்க, நாப்போலியில பியாஸ்ஸா கவூர் பக்கம் நம்ம நாட்டு சாமான் கடை நிறைய இருக்கு. கோயில் படியில உக்காந்து மட்டும் திங்காதீங்க, சத்தம் போடுவாங்க. எறைச்சி இல்லாததுன்னா பீட்சா மர்கெரீத்தா எங்கயும் கெடைக்கும், ஆனா சேத்தாரா பக்கம் பாஸ்தா சொன்னா நெத்தலிச் சாறு போட்டிருக்கான்னு கேட்டுக்கோங்க.

ஹட்டன்_ஜங்ஷன்

விசா ஓடுதுன்னு சொன்னதால ஒரு விசயம். இத்தாலி போக எடுக்குற ஷெங்கன் விசாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும், விசாக் காசு பெரியவங்களுக்கு 90 யூரோ, அம்மா வயச சொல்லி இன்சூரன்ஸ் எடுங்க, வயசு கூடினா வெல மாறும். அக்கா வீட்ல தங்குறதுன்னா நீங்க போய் எறங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள இன்னாரு எங்க வீட்ல இருக்காங்கன்னு அக்கா பொலிஸ்ல எழுதிக் குடுக்கணும், அங்க இருக்குற ஆக்களே பல பேர் அத மறந்துர்றாங்க.

மஸ்கெலியா_மழை

எறங்குற பலகை ஈரமா இருக்கும், அம்மாவுக்கு பாட்டா செருப்பு வேணாம், பின்னுக்கு பட்டி உள்ளதா போடச் சொல்லுங்க. சேலையா? சேலைன்னா ஒரு சேப்டி பின் கூட குத்துங்க, காத்து சரியான காத்து.

கொட்டகலை_சின்னவன்

சேலைதான், வேற என்னா. எல்லாம் சரி, மச்சான் மட்டும் இன்னும் கப்ரி கப்ரின்னு பொலம்பிக்கிட்டு இருக்கார்.

நாப்போலி_பொகவந்தலாவ

அவர வேற ஒரு நாளைக்கு தனியா அனுப்புங்க. நாப்போலி ஜெட்டி மோலோ பெவெரெல்லோவுல வேகப் போட் ஏறுனா 50 நிமிசம் அளவுல கப்ரி. நாப்போலியில இருந்துக்கிட்டு அவரே இன்னும் போகலன்னா கூட்டிட்டு போக ஆள் தேடுறது நீங்க இல்ல, அவர்தான் 😄